ராக்டைம்

முதல் எழுத்துகளைக் கண்டதும் நம் காது ராகத்தைத் தேடும், உறவே இல்லை. ‘ராக்’ என்றால் கந்தல் துணி. ‘டைம்’ இங்கே மணிக்கணக்கு அல்ல, தாளம். ஓரம் பிய்ந்த தாளம் என்பதே பலரும் ஏற்கும் பொருள். ராக்டைம் என்ற இந்த இசைவகையில், பியானோவில் இடக்கை அணிநடைபோல அடியெண்ணிப் போக, வலக்கையின் அழுத்தம் அந்த அடிகளுக்கு நடுவே விழும். தாளம் பிசகியதுபோலத் தோன்றும், பிசகுவதில்லை. கந்தல் என்று பெயர் வைத்தவருக்கு நெசவு தெரியாது போலும்!

இச்சொல்லோடு ஒட்டிக்கொண்ட ஊர், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் செடேலியா. 1861-இல் இருப்புப்பாதை வந்தபின் வளர்ந்த ஊர். ரயில் பட்டறைச் சம்பளமும் வந்துபோகும் பயணிகளும் இருந்ததால் மதுக்கூடங்களுக்கும் பஞ்சமில்லை, பியானோக்காரர்களுக்கும் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவர் ஸ்காட் ஜாப்ளின். அவருடைய ‘மேப்பிள் லீஃப் ராக்’கை அவ்வூர் இசைக்கடைக்காரர் ஜான் ஸ்டார்க் 1899-இல் அச்சிட்டார்; பிரதிக்கு ஒரு சென்ட் ஜாப்ளினுக்கு. இந்த வகையில் அமைந்த தனி உருப்படிக்கும் ‘ராக்’ என்றே பெயர். செடேலியாவில் 1896-இல் எழுந்த ‘கேட்டி’ ரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. கேட்டி என்பது மிசூரி–கேன்சஸ்–டெக்சஸ் ரயில் கம்பெனியின் செல்லப்பெயர்.