விற்க விற்க நட்டம்: அட்டாரியை நெருக்கடியில் தள்ளிய முதல் கார் பந்தய வீடியோ கேம்

ஸ்டீயரிங், கியர், ஆக்சிலரேட்டர், பிரேக் ஆகியவற்றுடன் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான ‘கிரான் டிராக் 10’, கார் பந்தய வீடியோ கேம்களின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. விளையாட்டுக் கூடங்களில் பெரும் வரவேற்பைப் பெற்ற இந்த இயந்திரமே, அதைத் தயாரித்த அட்டாரி நிறுவனத்தின் நிதிநிலையை ஆட்டம் காணச் செய்தது.

நோலன் புஷ்னெல், டெட் டாப்னி ஆகியோர் 1972இல் தொடங்கிய அட்டாரி, அதே ஆண்டில் ‘பாங்’ விளையாட்டை வெளியிட்டுப் புகழ்பெற்றது. போட்டி நிறுவனங்கள் அதைப் போலவே இயந்திரங்களைத் தயாரித்துச் சந்தையை நிரப்பியதால், புதுமையான விளையாட்டு ஒன்று அட்டாரிக்குத் தேவைப்பட்டது.

எப்படி விளையாடுவது?

கறுப்புத் திரையில் வெண்புள்ளிகளால் வரையப்பட்ட பந்தயப் பாதை மேலிருந்து பார்ப்பது போலத் தெரியும். எதிரில் வேறு கார் கிடையாது, நேரம்தான் போட்டியாளர். பாதையின் ஓரத்தில் மோதாமல், நேரம் முடிவதற்குள் இயன்ற அளவு புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். காரின் உருவத்தைத் திரையில் காட்டுவதற்கான தரவுகள் ‘ரோம்’ எனப்படும் நினைவகச் சிப்பில் சேமிக்கப்பட்டிருந்தன. அன்றைய வீடியோ கேம்களில் இது புதிய முறையாகும்.

ஒன்றுக்கு 100 டாலர் இழப்பு

ஓர் இயந்திரத்தைத் தயாரிக்க 1,095 டாலர் செலவானது. கணக்கிடுவதில் நேர்ந்த பிழையால் விற்பனை விலை 995 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. இதனால் விற்பனை கூடக்கூட நட்டமும் பெருகியது. 1974ஆம் நிதியாண்டில் அட்டாரி சுமார் 5 லட்சம் டாலர் இழப்பைச் சந்தித்ததற்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்றாக அமைந்தது.

இந்நிலையில் கை கொடுத்தது ‘கீ கேம்ஸ்’ நிறுவனம். விநியோகஸ்தர்கள் தத்தம் பகுதிக்குத் தனி உரிமை கோரியதைச் சமாளிக்க, வெளிப்பார்வைக்குப் போட்டியாளர் போல 1973இல் அட்டாரியே உருவாக்கிய நிறுவனம் அது. 1974இல் இரு நிறுவனங்களும் இணைந்தன. கீ கேம்ஸின் தலைவர் ஜோ கீனன் அட்டாரியின் தலைவரானார். அந்நிறுவனத்தின் ‘டேங்க்’ விளையாட்டு பெற்ற வெற்றி, அட்டாரி மீண்டெழ உதவியது.

ஜப்பானின் டைட்டோ நிறுவனமும் 1974இலேயே ‘ஸ்பீட் ரேஸ்’ விளையாட்டை வெளியிட்டது. இதை வடிவமைத்த டொமோஹிரோ நிஷிகாடோ, பின்னர் 1978இல் வெளியான ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டை உருவாக்கியவர் என்பது குறிப்பிடத்தக்கது.