வடகரையின் வரைபடம்

நதியும் கடலும் கூடுமிடத்தில் செழித்த துறைமுகப் பேட்டைகளின் பூர்வ சரித்திரத்தைப் பெரிய தாளில் வரைந்து, ஓரங்களில் கப்பலும் நங்கூரமும் தீட்டி, சுவரில் மாட்டி மகிழ்வது பல தேசங்களில் உள்ள வழக்கம். அத்தகைய சுவர்ப்படம் ஒன்றைச் சென்னைக்கு எழுத விரும்புபவர், கோட்டையையும் மெரினாவையும் ஒதுக்கிவிட்டு, ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியே கொசஸ்தலையாறு கடல் சேரும் எண்ணூர் முகத்துவாரம்வரை நீளும் வடகரையைத் தேர்ந்துகொள்வதே உசிதம். ஆனால் தூரிகையைத் தொட்டதும் அவருக்கு ஒரு சங்கடம் நேரும்: கரை என்னும் கோட்டை எந்த இடத்தில் இழுப்பது?

இக்கரையின் புராதனப் பெருமை திருவொற்றியூருடையது. தேவார மூவரும் பாடிய ஸ்தலம் அது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வாணிபம் செய்து பெரும் பொருள் ஈட்டி, பின்னர் அனைத்தையும் துறந்த பட்டினத்தார் சமாதியடைந்ததும் அவ்வூர்க் கடலோரத்தில்தான். 1708ஆம் ஆண்டில் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு அளித்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் சாத்தங்காடும் அடங்கியிருந்தன.

துறைமுகமே இல்லாத கடற்கரையில் ஒரு பெரிய வர்த்தக நகரம் வளர்ந்தது சென்னையின் விசித்திரங்களுள் ஒன்று. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மனிதரும் சரக்கும் மசூலா படகுகளிலேயே கரை சேர வேண்டியிருந்தது. ஆணி அடித்த படகு இக்கடலின் மோதலைத் தாங்காது என்று அறிந்தவர்களாதலால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, அலை தாக்கும்போது நெகிழ்ந்து கொடுக்கும்படி அவற்றைச் செய்தார்கள். அப்படகுகளைச் செலுத்தியவர்கள் ராயபுரத்தில் குடியேறி, மீன்பிடித் தொழிலிலிருந்து அப்போஸ்தலரான ராயப்பருக்கு 1829இல் தேவாலயம் எழுப்பினார்கள். தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் புறப்பட்டது. சரக்கு இறக்கக் கடலில் ஓர் இரும்புப் பாலம் அமைந்ததோ 1861இல்தான். ஆகவே, நீராவி வண்டி வந்த பின்னரும் அதற்கு வேண்டிய கடல்வழிச் சரக்கைக் கயிற்றால் தைத்த படகே சுமந்து தந்தது.

1875இல் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். 1881ஆம் ஆண்டுப் புயல் கற்சுவர்களைச் சிதைத்தது; மீண்டும் கட்டும் வேலை 1896வரை நீடித்தது. கப்பல்களுக்கு அபயமளித்த அதே சுவர்கள், ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கி நகரும் கடல்மணலைத் தடுத்துவிட்டன. தடுக்கப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினா அகன்றது. மணல்வரவு அற்ற ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் அரிப்புக்கு இரையாகின. நகரத்தார் உலாவி மகிழும் மணற்பரப்புக்கு வடகரைக் குப்பங்கள் தங்கள் நிலத்தால் விலை கொடுத்தன என்றால் அது மிகையாகாது. அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளே இன்று அங்கே கரையாக நிற்கின்றன.

கடல் அரித்தது ஒருபுறமிருக்க, எண்ணூரில் நீர்நிலையே ஏட்டிலிருந்து மறைந்த அதிசயத்தையும் நாம் கண்டிருக்கிறோம். 1806இல் காக்ரேன் கால்வாய் எண்ணூரை எட்டியது. 1878முதல் பக்கிங்ஹாம் கால்வாய் என வழங்கும் நீர்வழியின் ஆதிப்பகுதி அதுவே. உப்பளங்களும் இறால் பிடிக்கும் குப்பங்களும் எண்ணூர்க் கழியை நம்பி வாழ்ந்தன. அதன் கரைகளில் 1970இல் அனல்மின் நிலையமும், 2001இல் புதிய துறைமுகமும் இயங்கத் தொடங்கின. சாம்பலும் சேறும் நீரைத் தூர்த்தன. கழியும் அதன் சதுப்பும் கட்டடம் எழுப்பலாகாத பிரதேசம் என்று மத்திய அரசு 1996இல் அங்கீகரித்த வரைபடம் காட்டியிருக்க, பிற்காலத்தில் கையாளப்பட்ட வேறொரு வரைபடத்தில் அக்கழியே இல்லையென்பது 2017இல் பகிரங்கமாயிற்று. கழி எங்கும் போய்விடவில்லை. அதில் வலை வீசுவோரும் அங்கேயே இருந்தார்கள். ஆயினும் தாளில் நீலநிறம் அழிந்தால், நீர் சட்டத்தின் கண்ணுக்கு நிலமாகிவிடுகிறது.

ஆதலால் இவ்வடகரைக்குச் சுவர்ப்படம் எழுதுபவர் ஒரே கோட்டோடு நிறுத்திக்கொள்ளலாகாது. துறைமுகத்துக்கு முந்திய கரை ஒன்று, இன்றைய பாறைக்கரை ஒன்று, 1996இல் ஒப்புக்கொள்ளப்பட்ட கழியின் எல்லை ஒன்று என மூன்று கோடுகளை வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் அதற்குரிய ஆண்டைப் பொறிக்க வேண்டும். தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் அழகுற எழுதி, எண்ணூரின் முகத்துவாரக்குப்பத்தையும் காட்டுக்குப்பத்தையும் விட்டுவிடும் படம் கண்ணுக்கு விருந்தாகலாம், சரித்திரமாகாது. குப்பங்களின் பெயரையும் நீரின் எல்லையையும் பிழையின்றித் தாங்கும் படமோ, கூடத்துச் சுவரை அலங்கரிப்பதோடு நில்லாமல், வேண்டும்போது நியாயஸ்தலத்திலும் சாட்சி சொல்லும்.