ஈயம் பூசிய பித்தளையும் துருப்பிடித்த மைக்ரோவேவும்

பி.காம். படிக்கிற ஆள் பாத்திரம், பெயின்ட் என்று ஏன் எழுதணும் என்று கேட்காதீர்கள். காரணம் ஒரு சட்டம்தான்.

1954ல் இந்தியாவில் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருடம், 1955ல், அதற்கான விதிகள் வந்தன. அதில் 49ஆவது விதி பாத்திரங்களைப் பற்றியது. துருப்பிடித்த பாத்திரம், பூச்சு உதிர்ந்து துருவேறிய எனாமல் பாத்திரம், சரியாக ஈயம் பூசாத செம்பு அல்லது பித்தளைப் பாத்திரம், இவற்றில் சமைத்தாலோ வைத்தாலோ அந்த உணவு மனிதர் சாப்பிடத் தகுதியற்றது என்கிறது அந்த விதி. 2011ல் பழைய சட்டம் போய் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது போட்ட ஒழுங்குமுறைகளிலும் இதே வரிகள் இடம்பிடித்தன. மைக்ரோவேவ் பற்றி அதில் எதுவும் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டு மைக்ரோவேவுக்குள் சுழலும் தட்டுக்கு அடியில் பெயின்ட் உரிந்து பழுப்பு நிறத்தில் துரு தெரிந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த விதிதான்.

சமைக்கிற பாத்திரத்தின் உட்புறத்தை எதைக் கொண்டு மூடுவது? நம்ம ஊரில் இது ரொம்பப் பழைய கேள்வி. பித்தளையில் புளியோ மோரோ பட்டால் களிம்பு ஏறும், சாப்பாடு கைத்துப் போகும், அதிகமானால் வாந்தி வரும். அதற்குத்தான் ஈயம் பூசினார்கள். தெருவில் சத்தம் கொடுத்துக்கொண்டு வருவார், ஒரு ஓரமாகக் குழி தோண்டிக் கரி போட்டுத் துருத்தியை வைத்து ஊதுவார். பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துச் சுட வைத்து, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்துண்டை உள்ளே ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சாலோ துணியாலோ சுற்றித் துடைப்பார். கறுத்துக் கிடந்த அண்டா நிமிடத்தில் வெள்ளியாகிவிடும். நவச்சாரம் சும்மா புகைக்காக இல்லை. சூட்டில் அது உலோகத்தின் மேலிருக்கும் ஆக்ஸைடு படலத்தைக் கரைத்து எடுத்துவிடும், அதனால்தான் ஈயம் ஒட்டுகிறது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடுவதால் தெருவோர நெருப்பே போதும்.

இதில்தான் ஆபத்தும் இருந்தது. தமிழில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்குப் பொது. வெள்ளீயம் நல்லது, காரீயம் விஷம். வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. (இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வணிகவியல் பட்டம் தேவையில்லை.) வெள்ளீயக் கம்பியை வளைத்தால் ‘கிறீச்’ என்று சத்தம் வரும். காரீயம் காகிதத்தில் பென்சில் மாதிரி கோடு போடும். ஆனால் பாத்திரத்தில் பூசிய பிறகு எதை வளைத்துப் பார்ப்பது? பளபளப்பு இரண்டிலும் இருக்கும். ரசத்தின் புளிப்பு காரீயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், குழந்தைகளின் மூளையைத்தான் அது முதலில் பாதிக்கும்.

ஈயம் பூசுகிறவர்களின் தொழில் படுத்ததற்கு ஒரு காரணம் சென்னையிலேயே ஆரம்பித்தது. 1898ல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். 1900ல் அதற்கென்று இந்தியன் அலுமினியம் கம்பெனியே சென்னையில் உருவானது. அலுமினியத்துக்கு ஈயம் தேவையில்லை. பிறகு எவர்சில்வர் வந்தது. 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு உலோகம் தேடப்போய்க் கண்டது அது. குரோமியம் தானாகவே ஒரு மெல்லிய படலம் போட்டுக்கொள்ளும், கீறினாலும் மறுபடி போட்டுக்கொள்ளும். பூசுகிறவரே தேவைப்படாத பூச்சு!

மைக்ரோவேவும் யுத்தத்தின் பிள்ளைதான். ரேடாருக்காக 1940ல் பர்மிங்காமில் ராண்டலும் பூட்டும் செய்த மேக்னட்ரான் குழாய்தான் அதன் இதயம். 1945ல் ரேதியான் கம்பெனியின் பெர்சி ஸ்பென்சர் அதை வைத்துச் சமைக்கலாம் என்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1947ல் வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், 340 கிலோ எடை. வீட்டு மேஜைக்கு ஏற்ற மாடல் 1967ல்தான் வந்தது. விலை 495 டாலர்.

பல மாடல்களின் உட்பெட்டி சாதாரண இரும்புத் தகடு, மேலே பெயின்ட். சாம்பார் பொங்கி உப்பும் நீராவியும் தட்டுக்கு அடியில் தங்கினால் பூச்சு கொப்பளித்து உரியும், கீழே துரு பிடிக்கும். உரிந்த ஓரங்களில் மின்பொறியும் கிளம்பலாம்.

“வீட்ல மீந்த பெயின்ட்ட அடிச்சுடு தம்பி” என்றார் தெரிந்த ஒருவர். பரணில் இருந்தவை இரண்டு டின்: கேட்டுக்கு அடித்த சில்வர் பெயின்ட், எப்போதோ வாங்கிய மஞ்சள் எனாமல். சில்வர் பெயின்ட் என்பது அலுமினியத் துகள், மைக்ரோவேவுக்குள் அது தீப்பொறிக்கு அழைப்பு. மஞ்சளில் அதைவிட மோசமான சந்தேகம். பழைய பெயின்ட்டுகளில், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும், காரீயச் சேர்மங்கள் சர்வசாதாரணம். துருவைத் தடுக்கும் முதல் கோட்டாகவே காரீயச் செந்தூளைக் கப்பலுக்கும் பாலத்துக்கும் அடித்திருக்கிறார்கள். அமெரிக்கா 1978ல் வீட்டுப் பெயின்ட்டில் இதற்குத் தடை போட்டது. இந்தியாவில் விதி வந்தது 2016ல், 90 பிபிஎம் என்ற வரம்பு அமலானது 2017 நவம்பர் 1 முதல். பரணில் இருப்பது அதற்கு முந்தைய டின்! தெருவில் துரத்திவிட்ட காரீயம் பரண் வழியாக அடுப்புக்குள் வரப் பார்த்தது.

மைக்ரோவேவ் உட்புறத்துக்கென்றே தனிப் பெயின்ட் விற்கிறார்கள். உலோகத்துகள் இல்லாதது, சூட்டையும் ஈரத்தையும் தாங்குவது. டின்னில் அந்த உபயோகம் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். அடிக்கும் முறை ஈயம் பூசுகிறவருடையதுதான், பாதி வேலை தேய்ப்பதில். (ஒரகடம் கார் தொழிற்சாலை பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கிறவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.) பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நைஸ் உப்புத்தாளால் துரு போகும்வரை தேய்த்து, தூளை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று கோட். பக்கச் சுவரில் அட்டை மாதிரி இருக்கும் மைக்கா தகட்டில் பெயின்ட் படக்கூடாது. டின்னில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காய வேண்டும். வெளிக்கூட்டை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள். பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் ஆளைக் கொல்லும்.

தேய்க்கும்போது தகட்டில் ஓட்டையே விழுந்துவிட்டால் பெயின்ட் பேச்சே வேண்டாம். அலைகளைப் பெட்டிக்குள் அடைத்து வைப்பது அந்த இரும்புத் தகடுதான், பெயின்ட் அல்ல. அமெரிக்காவில் 1971லிருந்து உள்ள விதிப்படி, புது அடுப்பிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 1 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது, பழசானாலும் 5ஐத் தாண்டக்கூடாது. ஓட்டை விழுந்த அடுப்பில் அது எவ்வளவு என்று அளந்து பார்க்க நம்மிடம் கருவி கிடையாது. எங்கள் வீட்டு அடுப்பில் தகடு கெட்டியாகத்தான் இருக்கிறது, இரண்டாவது கோட் காய்ந்துகொண்டிருக்கிறது.