இணையத்தளத்தின் சாவி யார் கையில்?



பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் ஓர் இணையத்தளம் வேண்டும் என்ற பேச்சு இப்போது பல ஊர்களில் நடக்கிறது. பழைய அதிபர்களின் படங்கள், பரிசளிப்பு விழா மலர்கள், ஊர் வரலாறு எல்லாவற்றையும் அதில் ஏற்றிவைக்க ஆசைப்படுகிறோம். பேச்சு கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். காசு கொடுத்து ஒரு நிறுவனத்தின் முறைமையை எடுப்பதா, திறந்த மூல மென்பொருளை எடுப்பதா? விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் முன் கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டுரையையும் படத்தையும் தளத்தில் ஏற்றித் திருத்த உதவும் மென்பொருளைத்தான் பிள்ளைகள் 'உள்ளடக்க முகாமைத்துவ முறைமை' என்று படிக்கிறார்கள். 1990களில் இவற்றைப் பெரும் நிறுவனங்கள்தான் பெரும் விலைக்கு வாங்கின. சாதாரண மக்கள் கைக்கு அது மெல்ல மெல்லத்தான் வந்தது.

2001 ஒக்டோபரில் அமெரிக்காவில் பென் ட்ரொட், மீனா ட்ரொட் தம்பதியர் 'மூவபிள் டைப்' என்ற மென்பொருளை வெளியிட்டனர். தனிநபர்களுக்கு இலவசம். நிரலைத் திறந்து பார்க்கலாம், ஆனால் உரிமம் அவர்களிடம். ஆயிரக்கணக்கானோர் அதில் எழுதத் தொடங்கினர். 2004 மே மாதம் 3.0 பதிப்பு வந்தபோது நிபந்தனை மாறியது. இலவசமாக ஓர் எழுத்தாளர், மூன்று வலைப்பதிவுகள் மட்டும். அதற்கு மேல் கட்டணம். விற்பவர் விலை கேட்டது குற்றமில்லை. ஆனால் வருடக்கணக்காக எழுதிச் சேர்த்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் வேர்ட்பிரஸ். அதன் பிறப்பே ஒரு பாடம். மிஷேல் வால்ட்ரிகி என்பவர் 2001இல் தொடங்கிய 'பி2' என்ற மென்பொருள், கவனிக்க ஆளில்லாமல் நின்றுபோனது. அதன் உரிமம் ஜிபிஎல். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். பகிர்ந்தால் அதே உரிமையைப் பிறருக்கும் கொடுக்க வேண்டும். அதனால் 19 வயது மட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதை எடுத்து, 2003 மே 27இல் வேர்ட்பிரஸ் ஆக வெளியிட்டனர்.

2005 ஓகஸ்டில் இன்னொன்று நடந்தது. அவுஸ்திரேலியாவில் பிறந்த 'மம்போ' மென்பொருளின் நிர்வாகம் பற்றிய பிணக்கில் அதன் முக்கிய நிரலாளர்கள் வெளியேறினர். நிரல் திறந்ததாக இருந்ததால் வெறுங்கையோடு போகவில்லை. அடுத்த மாதமே 'ஜூம்லா' வந்தது. ஸ்வாஹிலியில் 'எல்லோரும் ஒன்றாக' என்று பொருள்படும் 'ஜும்லா'விலிருந்து வந்த பெயர். அரபு தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் வேர் உடனே புரியும்.

வக்பு செய்த கிணற்றைத் தோண்டியவரே பின்னர் பூட்ட முடியாது. ஜிபிஎல் உரிமமும் ஏறக்குறைய அப்படித்தான். அடுத்த பதிப்பை உரிமையாளர் வேறு நிபந்தனையில் விற்கலாம். வெளியே வந்துவிட்ட பதிப்பைத் திருப்பி எடுக்க முடியாது.

ஆனால் கிணற்றைத் தூர்வார ஆள் வேண்டும். 2014 ஒக்டோபரில் 'ட்ருபல்' என்ற திறந்த மூல முறைமையில் பாரிய பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டது. ஏழு மணித்தியாலத்துக்குள் திருத்தாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே கருதும்படி அதன் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. காசு கொடுத்து எடுக்கும் சேவையில் இந்தத் தலைவலியைப் பெரும்பாலும் நிறுவனம் சுமக்கும். ஆள் இல்லாத ஊருக்கு அது சிறிய உதவியல்ல.

அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. மக்கள் தாமாகவே பக்கங்களை அமைத்த ஜியோசிட்டீஸ் சேவையை 1999இல் யாஹூ வாங்கியது. 2009 ஒக்டோபரில், ஜப்பான் தவிர, மூடிவிட்டது. பிரதி எடுக்காதவர்களில் பலரின் பக்கங்கள் இல்லாமலே போயின.

'இதெல்லாம் நம்மால் ஆகுமா?' என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2004 சுனாமிக்குப் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய 'சஹன' என்ற திறந்த மூல மென்பொருளை எழுதியவர்கள் இலங்கைத் தொண்டர்கள். அடுத்த வருடம் பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது உதவியது.

ஆகவே கூட்டத்தில் கையெழுத்து வைக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்போம். நாளை விலகினால் கட்டுரைகளையும் படங்களையும் முழுதாக வெளியே எடுக்க முடியுமா? தளப் பெயர் தனிநபர் பெயரிலா, நிறுவனத்தின் பெயரிலா, பாடசாலையின் பெயரிலா? மாதாமாதம் புதுப்பித்துப் பிரதி எடுக்கப் பொறுப்பானவர் யார்? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் எதை எடுத்தாலும் பயமில்லை. முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்போம்.