ஒரு விண்டோவில் கிளிக் செய்தால் இன்னொன்றில் நட்சத்திரம்! மென்பொருட்கள் தகவலைப் பரிமாறுவது எப்படி?

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. இங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ம் ஆண்டு முதல் இயங்குகிறது. தொலைநோக்கி என்றதும் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள் என்றுதான் நினைப்போம். ஆனால், இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் பார்ப்பது கம்ப்யூட்டர் திரையைத்தான்.

உலகெங்கும் வானியல் ஆய்வாளர்களின் திரையில் ஒரு விண்டோவில் வானத்தின் படம் இருக்கும், இன்னொன்றில் நட்சத்திரங்களின் அட்டவணை இருக்கும். அட்டவணையில் ஒரு வரியை கிளிக் செய்தால், படத்தில் அதே நட்சத்திரம் அடையாளம் காட்டப்படும். இது எப்படி நடக்கிறது?

பார்த்து டைப் செய்தால் போதாதா?

பூமியில் அட்சரேகை, தீர்க்கரேகை போல வானத்தில் ஓர் இடத்தைச் சொல்லவும் இரண்டு எண்கள் உண்டு. அதில் ஒன்று மணி, நிமிடம், விநாடி என்று எழுதப்படும். வான நடுவரைக்கு அருகே அதில் ஒரே ஒரு நிமிடம் தவறினாலும், முழு நிலவின் அகலத்தில் பாதி தூரம் தள்ளிப் போய்விடும். தேடிய நட்சத்திரம் படத்திலேயே இல்லாமல் போகலாம்!

ஒரே மென்பொருளின் விண்டோக்கள் என்றால்?

இது சுலபம். விண்டோக்கள் பல இருந்தாலும், நினைவகத்தில் தரவு ஒன்றாகவே இருக்கும். ஒரு விண்டோவில் தேர்வு மாறியதும், 'மாறிடுச்சு' என்று மற்ற விண்டோக்களுக்கு மென்பொருள் சொல்லும். அவை தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆளுக்கொரு நகல் வைத்திருந்தால், ஒன்று பழசையும் இன்னொன்று புதுசையும் காட்டிக்கொண்டிருக்கும்.

வேறு வேறு மென்பொருள் என்றால்?

இங்கேதான் சிக்கல். ஒரு மென்பொருளின் நினைவகத்தை இன்னொன்று எட்டிப்பார்க்க கம்ப்யூட்டர் விடாது. காப்பி-பேஸ்ட் செய்யலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் கை வேலைதான்.

இதற்காக வானியலாளர்கள் உருவாக்கிய பொது முறைதான் 'சாம்ப்'. 2009-ல் இது சர்வதேச தரநிலை ஆனது. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போல நடுவில் 'ஹப்' என்ற சிறு நிரல் இருக்கும். பிரான்ஸில் உருவான 'அலாதின்', பிரிட்டனின் 'டாப்கேட்', அமெரிக்காவின் 'டிஎஸ்9' ஆகியவை அதில் பதிவு செய்துகொள்ளும். ஒன்று அனுப்பும் செய்தியை, அது தேவைப்படும் மற்றவற்றுக்கு ஹப் கொண்டுசேர்க்கும்.

அனுப்புவது படத்தையா?

இல்லை. பெரிய கோப்பு என்றால், அது இருக்கும் முகவரி மட்டும்தான் போகும். பெறும் மென்பொருள் அங்கே போய் எடுத்துக்கொள்ளும். அதனால் செய்தி சின்னதாகவே இருக்கும்.

அளவு மாறினால்?

வானத்தில் 1 மணி என்பது 15 டிகிரி. ஒன்று மணிக்கணக்கில் அனுப்பி, இன்னொன்று டிகிரி என்று எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது. அதனால், 'இந்த இடத்தைக் காட்டு' என்ற செய்தியில் எண்கள் டிகிரியில்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

இந்த மூன்று மென்பொருட்களும் இலவசம். டாப்கேட், அலாதின் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் திறந்து, ஓர் அட்டவணையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பி மாணவர்களே சோதித்துப் பார்க்கலாம்.