ஒளியின் மக்களாய் வாழ்வோம்



2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தது. மின்சாரம் நின்றது, கைப்பேசிகள் அடங்கின. இருள் என்றால் என்ன என்பதை அந்த இரவுகளில் உணர்ந்தோம். அந்த இருளைப் பற்றி விவிலியம் நமக்குச் சொல்வது என்ன?

கடவுள் தம் சொல்லால் முதன்முதலில் தோற்றுவித்தது ஒளி (தொநூ 1:3). கதிரவன் உண்டானது நான்காம் நாளில்தான் (தொநூ 1:14-19). ஆகவே விவிலியம் கூறும் ஒளி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மட்டுமல்ல. அது கடவுளின் கொடை.

எகிப்தில் மூன்று நாள் காரிருள் கவிந்தபோது ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. எவரும் தம் இடத்தைவிட்டு எழவுமில்லை (விப 10:22-23). இருளின் இயல்பு இதுவே. அது அடுத்திருப்பவரை மறைக்கிறது. நம்மை இருந்த இடத்திலேயே கட்டிப்போடுகிறது. இராவுணவிலிருந்து யூதாசு வெளியேறியபோது இரவாயிருந்தது என யோவான் குறிப்பிடுகிறார் (யோவா 13:30). சகோதரரை வெறுப்பவர் இருளில் நடக்கிறார் என்றும் அவர் திருமுகம் எச்சரிக்கிறது (1 யோவா 2:11).

அப்படியானால் ஒளி எப்போது உதிக்கும்? பசித்திருப்போருக்கு நம்மையே கையளிக்கும்போது என்கிறார் எசாயா (58:10). தாமே உலகின் ஒளி என்று அறிவித்த ஆண்டவர் (யோவா 8:12), நம்மையும் அதே பெயரால் அழைக்கிறார். நம் நற்செயல்களே அந்த ஒளி என்கிறார் (மத் 5:14-16).

வெள்ள நாள்களில் இதை நாம் கண்கூடாகக் கண்டோம். மாடிவீட்டார் பெயர் தெரியாதவர்களுக்கும் கதவு திறந்தார்கள். ஆலயங்களும் பள்ளிகளும் திருமண மண்டபங்களும் புகலிடமாயின. சாதி, சமயம் கேட்காமல் உணவுப் பொட்டலங்கள் கைமாறின. மின்சாரம் இல்லாத தெருக்களில் ஒளி இருந்தது.

மின்சாரம் திரும்பியபின் என்ன ஆயிற்று? விளக்குகள் எரிகின்றன, கதவுகளோ மீண்டும் சாத்தப்பட்டுள்ளன. அடுத்த வீட்டு முதியவர் நோயுற்றிருப்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. எகிப்தின் இருள் இதுவல்லவா?

பாஸ்கா திருவிழிப்பில் ஆலய விளக்குகள் அணைக்கப்பட்டிருக்க, பாஸ்கா திரியின் ஒரே சுடர் கைக்குக் கை பரவுகிறது. பகிர்ந்ததால் அச்சுடர் குறைவதில்லை. ஆனால் ஒளியைப் பெறவும் கொடுக்கவும் நாம் பக்கத்திலிருப்பவர் பக்கம் திரும்பியாக வேண்டும். திருமுழுக்கில் நமக்கென ஏற்றப்பட்ட ஒளியும் அந்தச் சுடரே.

இவ்வாரம் நம் தெருவில் நாம் மறந்துபோன ஒருவரின் கதவைத் தட்டுவோம். ஒளியின் மக்களாய் வாழ்வோம்.