இடம் மறந்த கல்

சேலையூரில் வீடு கட்டியவர்கள் அனைவரும் அறிந்த பொருள் கிராவல். பள்ளமான மனையை மேடாக்கவும், மழையில் சேறாகும் தெருவைச் சமன்படுத்தவும் லாரிகளில் வந்து இறங்கும் சிவந்த சரளை மண். எண்பதுகளில், எங்கள் தெருவில் பாதி மனைகள் காலியாகக் கிடந்த நாட்களில், அந்தக் குவியல்கள்தாம் சிறுவர்களான எங்களுக்கு மலைகள். அப்படியொரு குவியலில் எடுத்த கல் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளங்கை அளவு, ஒரு முனை கூர்ந்து, இரு பக்கங்களிலும் சில்லுகள் பெயர்ந்தது. அதை ஏன் எடுத்தேன் என்று கேட்டால், கைக்குப் பொருந்தியது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. தீப்பெட்டிப் படங்கள், பழைய தபால்தலைகள், ஓட்டைக் காலணா ஆகியவற்றோடு அதுவும் ஒரு பிஸ்கட் டப்பாவில் குடியேறியது.

பல ஆண்டுகளுக்குப் பின் தொல்லியல் பயின்ற நண்பரிடம் அதைக் காட்டினேன். நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். மனிதக் கை பட்ட கல்லாக இருக்கலாம் என்றார். பிறகு, "எங்கே எடுத்தீர்கள்?" என்று கேட்டார். தெருவைச் சொன்னேன். "அந்தக் கிராவல் எங்கிருந்து வந்தது?" எனக்குத் தெரியவில்லை. லாரி ஓட்டியவருக்கு அன்று தெரிந்திருக்கும். நண்பர் கல்லை மேசைமேல் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். என் சேகரிப்பின் வரலாறு அந்த ஒரு கேள்வியோடு முடிந்துபோனது.

இதே கேள்விக்கு விடை வைத்திருந்த ஒருவரால்தான் இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு தொடங்கியது என்பதும், அது சேலையூருக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பல்லாவரத்தில் நிகழ்ந்தது என்பதும் பின்னரே எனக்கு உறைத்தன.

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்துப் படை அணிவகுப்புத் திடலருகே ஒரு சரளைப் பள்ளத்திலிருந்து வெளியே வீசப்பட்ட கழிவுக் கற்களிடையே, செதுக்கப்பட்ட கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். அவருடைய முதல் கல்லும் ஒரு கிராவல் குவியலில் கிடைத்ததுதான். வேறுபாடு, குவியலுக்கு அருகிலேயே பள்ளமும் இருந்ததும் அவர் அந்தப் பள்ளத்தின் செம்புரை அடுக்கைப் படிக்கத் தெரிந்தவராக இருந்ததுமே. அத்துடன் அவர் நிறைவடையவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கோடு கொசஸ்தலை ஆற்றுப் பகுதிக்குச் சென்று அத்திரம்பாக்கத்தைக் கண்டறிந்தார். அங்கே அத்தகைய கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. 1866இல் வெளியான அவரது கட்டுரை, செம்புரைப் படிவுகளில் கல்லாயுதங்கள் கிடைப்பதையே தலைப்பாகக் கொண்டிருந்தது. ஆயுதங்களைப் போலவே அவை கிடந்த படிவும் அவருக்கு முக்கியம்.

ஃபுட் 1858இல் அளவைத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தவர். பாறைகளை வரைபடமாக்குவது அவர் வேலை. கல்லாயுதங்களைத் தேடுவதற்காக யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. ஐரோப்பாவில் அப்போது மனிதகுலத்தின் வயது பற்றிய பெருவிவாதம் நடந்துகொண்டிருந்தது. பிரான்சின் அபெவில் நகரில் சுங்க அதிகாரியாக இருந்த பூஷே தெ பெர்த், சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கல்லாயுதங்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவந்தார். அழிந்துபோன விலங்குகளின் காலத்திலேயே மனிதன் வாழ்ந்தான் என்பது அவர் வாதம். அறிஞர்கள் நெடுங்காலம் நம்ப மறுத்தார்கள். 1859இல் பிரெஸ்ட்விச்சும் ஜான் எவன்ஸும் நேரில் சென்று சரளை அடுக்குகளைப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தச் செய்திதான் ஃபுட்டின் கண்ணைத் திறந்துவைத்தது.

ஆனால் பூஷேயின் கதைக்கு ஒரு துயரமான பின்னுரை உண்டு. ஆயுதங்கள் கிடைத்தன, அவற்றைச் செய்த மனிதனின் எலும்பு கிடைக்கவில்லை. கண்டெடுப்பவருக்குப் பரிசு தருவதாக அவர் அறிவித்திருந்தார். 1863 மார்ச் இறுதியில், மூலேன் கினியோன் என்ற இடத்தில் ஒரு தாடை எலும்பு 'கிடைத்தது'. மே மாதத்தில் இரு நாட்டு அறிஞர்களும் கூடி விவாதித்தார்கள். ஃபுட் பல்லாவரத்தில் குனிந்து கல்லெடுப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் அது. தாடை அண்மைக் காலத்தைச் சேர்ந்தது என்பதும், தொழிலாளர்கள் கொண்டுவந்து புதைத்தது என்பதும் பின்னர் தெளிவாயின. சேகரிப்பவனின் ஆசை இன்னதென்று அறிந்தவர்கள் அதையே அவனுக்குத் தயாரித்துக் கொடுத்துவிட்டார்கள். பொருள் வந்துசேர்ந்தது, ஆனால் அதன் இடம் பொய்யாகிப்போனது.

நாம் ஏன் சேர்க்கிறோம் என்ற கேள்விக்கு ஃபுட்டின் குடும்பத்திலேயே இன்னொரு விடையும் கிடைக்கிறது. அவருடைய முதல் மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவலின் மகள். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பெர்சிவல்தான். பின்னர் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் கற்பித்தார். 'தினவர்த்தமானி' இதழை நடத்தினார். அவர் சேர்த்தவை பழமொழிகள். 1842இல் யாழ்ப்பாணத்தில் வந்த முதல் தொகுப்பு, 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் கொண்ட நூலாக வளர்ந்தது. மாமனார் வாய்ச்சொல்லைச் சேர்த்தார், மருமகன் கல்லைச் சேர்த்தார். இருவருக்கும் ஏற்காட்டோடு உறவு ஏற்பட்டது; இருவரும் அங்கே வாழ்ந்தார்கள்.

பெர்சிவல் பழமொழிகளை அகர வரிசையில் அடுக்கினார். தேடுவதற்கு அது எளிது. ஆனால் பழமொழி என்பது ஒருவர் ஒருவரிடம் ஒரு தருணத்தில் சொல்வது. சம்பந்தி வீட்டில் ஒரு பொருளும் கடன்காரன் வாசலில் இன்னொரு பொருளும் அதற்கு உண்டு. இடம், பொருள், ஏவல் என்று நம் முன்னோர் சொன்னதில், அகராதியில் ஏறியபின் எஞ்சுவது நடுவிலுள்ளது மட்டுமே. 1897இல் டேனிஷ் மிஷனரி ஹெர்மன் யென்சன் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தித் தனித் தொகுப்பு வெளியிட்டது இந்தக் குறையை உணர்ந்ததால்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பெர்சிவலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எழுதிவைத்திராவிட்டால் அவற்றுள் பல இன்று நம்மிடம் இருந்திராது. எழுதியதால் காப்பாற்றப்பட்டதும் எழுதும்போதே நழுவியதும் ஒரே செயலின் இரு விளைவுகள்.

ஃபுட்டின் நூற்பட்டியல் வேறு வகை. தென்னிந்தியாவெங்கும், பின்னர் குஜராத்திலும் நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அவர் திரட்டியவற்றை 1904இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. முதுமையில் அவர் அவற்றுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். 1912இல் இறந்தார், பட்டியல் 1914இல் அச்சாகியது. அது ஊர்வாரியாகச் செல்கிறது. எந்த மாவட்டம், எந்த ஊர், எந்த மேடு என்று சொல்லிவிட்டே கல்லைப் பற்றிச் சொல்கிறது. அதனால்தான் பின்வந்தவர்கள் அந்த இடங்களுக்குத் திரும்பிச் செல்ல முடிந்தது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குழுவினரும் நடத்திய அகழாய்வு, அங்குள்ள தொன்மையான கருவிகளுக்குச் சுமார் பதினைந்து லட்சம் ஆண்டுகள் வயது என்று 2011இல் அறிவித்தது. ஃபுட்டுக்கு அந்த வயதைக் கணிக்கும் வழியே இல்லை. அவர் விட்டுச்சென்றது ஓர் ஊர்ப்பெயர். அது போதுமானதாக இருந்தது.

சேலையூரிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து இங்குள்ள காட்டுப் பகுதிக்குப் பெயர்ந்தது. அதன் வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் ஓய்வு நேரத்தில் தாவரங்களைச் சேர்த்தவர். தென்னிந்திய மலைகளில் காசித்தும்பை இனத்தில் புதிய வகைகளை விவரித்தார். தாவரவியலாளர் உலர்ந்த செடியைத் தாளில் ஒட்டும்போது கிடைத்த இடத்தையும் நாளையும் எடுத்தவர் பெயரையும் கீழே எழுதுவார்கள். அந்தச் சீட்டு இல்லாத செடி வெறும் சருகு.

இப்போது இடங்களே மறைந்துகொண்டிருக்கின்றன. பல்லாவரத்தில் ஃபுட் நின்ற பள்ளத்தைத் தேடிச் செல்பவருக்கு வீடுகளும் கடைகளும்தான் தென்படும். அங்குள்ள பெருங்கற்காலப் பகுதி பாதுகாக்கப்பட்டது. 2010இல் திருத்தப்பட்ட சட்டம், இத்தகைய இடத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. சொந்த வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதிக்கு அலைய நேர்கிறதே என்று குடியிருப்போர் முறையிட்டார்கள். அவர்கள் குறையில் நியாயம் இருக்கிறது. பொருளை எடுத்துப் பெட்டியில் வைப்பது எளிது; இடத்தைக் காப்பதற்கோ அங்கே வாழ்பவர்கள் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலையை யார் தருவது என்பதை நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை.

என் கல்லுக்கு வருகிறேன். அது உண்மையில் ஆயுதமா, லாரியில் அடிபட்டுப் பெயர்ந்த சரளையா என்பது இனித் தெரியப்போவதில்லை. வீட்டை நிரப்பிய மண் வேறெங்கோ ஒரு மேட்டை வெட்டி வந்தது என்பது, அந்தக் குவியல்மேல் ஏறி விளையாடிய எங்களுக்குத் தோன்றவே இல்லை. போன மாதம் டப்பாவைத் திறந்து, ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கல்லோடு வைத்தேன்: சேலையூர், தெருவோரக் கிராவல் குவியல், எண்பதுகள், மண் வந்த இடம் தெரியாது. நாற்பது ஆண்டுகள் தாமதமான குறிப்பு. எனினும், என் சேகரிப்பில் பொய்யில்லாத ஒரு பொருள் இப்போது இருக்கிறது.